அழகர் இறங்கிய அன்று நான் எழுதிய பொய்

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி போகும் ரோட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ முடித்த திமிர் வேறு. என் நோட்டில் யாராலும் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியாது என்று பீற்றிக்கொண்டு திரிவேன்.

அணுமின் நிலையம் ஒன்றுக்குக் கதவு இடுக்கில் வைக்கும் ரப்பர் வளையங்கள் செய்துதர ஆர்டர் வந்தது. உள்ளே குழாய் வெடித்து அறை முழுக்கக் கொதிக்கும் நீராவி நிரம்பினாலும், அது கதவைத் தாண்டி வரக் கூடாது. புது வளையம் தாங்கினால் போதாது, பல வருஷம் உழைத்துக் கிழடு தட்டியதும் தாங்க வேண்டும். அதற்காக மாதிரி வளையங்களைக் கரண்ட் அடுப்பில் ஏழு நாள் இடைவிடாமல் சூட்டில் வைத்து, அப்புறம் நீராவியில் சோதிப்போம். மூன்று வேளையும் அடுப்பின் சூட்டைப் பார்த்து எழுதுவது என் வேலை.

அந்த ஏழு நாளுக்குள் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வந்தது. கம்பெனிக்கு லீவு. அடுப்பு அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, வைகைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்து மூன்று வேளைக்கும் 'சரி' என்று எழுதிவிட்டேன். மதுரைக்காரர் யாராவது அந்தத் தேதியைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அணுமின் நிலையத்திலிருந்து சோதிக்க வந்த இன்ஜினீயரோ வெளியூர்க்காரர். வளையங்கள் நீராவியில் தேறிவிட்டன. நோட்டைப் புரட்டியவர், சுத்தமாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் சோதனைச் சான்றிதழில் கையெழுத்துப் போட முதலாளி அறைக்குப் போனார். நான் டீ கொண்டுவந்த வாட்ச்மேன் அண்ணனிடம் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

"அன்னைக்குப் பூரா இங்க கரண்டே இல்ல பாப்பா. மறுநா விடியக்காலந்தான் வந்துச்சு. எம்புட்டுப் புழுக்கங்கிற" என்றார் அவர்.

ஏழு நாள் என்று நான் எழுதியதில் ஆறு நாள்தான் தேறும். சொன்னால் வேலை போகும், ஆர்டரும் போகும். சொல்லாவிட்டால்? அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கப்போகிறவர்களை நினைத்தேன். ஒரே ஓட்டமாக ஓடினேன்.

"சார், கையெழுத்துப் போட்டுறாதீங்க. ஒருநாள் நான் பாக்காமலே எழுதிட்டேன். அன்னைக்கு அடுப்பு அணைஞ்சு கெடந்துருக்கு."

முதலாளி என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். இன்ஜினீயர் பேனாவை மூடினார். புது மாதிரிகளை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வேளை எங்கே, மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டேன். எட்டாம் நாள் இன்ஜினீயர் மறுபடி வந்தார். பத்து வளையங்களில் இரண்டு நீராவியில் பிளந்துவிட்டன.

பிளந்த ஒன்றை எடுத்து அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லவேளைம்மா, இங்கயே பிளந்துச்சு."

அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்தச் சரக்கு முழுவதையும் கழித்தோம். கலவையை மாற்றி, ஒழுங்காகச் சோதித்து அனுப்பினோம். முதலாளி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

எங்கோ ஒரு கதவில் எங்கள் வளையங்கள் இன்றைக்கும் இருக்கலாம். என் பொய்யை நம்பி மாட்டிய வளையம் அதில் ஒன்றுகூட இல்லை என்ற நிம்மதிதான், நான் அந்த வேலையில் சம்பாதித்தது.