சித்தி கொடுத்த பை

இரத்த வங்கியில் அவளுக்குப் பெயர் பையக்கா. கொடையாக வந்த ரத்தப் பைகளைச் சுழல் இயந்திரத்தில் சுற்றவிட்டுப் பிரிப்பது அவள் வேலை. சிவப்பணு அறுவைச் சிகிச்சை நோயாளிக்கு, பிளாஸ்மா தீக்காயக்காரருக்கு, தட்டணு ரத்தக்கசிவு நிற்காதவருக்கு என்று ஒருவர் கொடுத்ததை மூவருக்குப் பங்குபோட்டுவிடுவாள். மகளைப் பங்குபோடத்தான் மனம் வரவில்லை.

கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போனதைக்கூட, விட்டது தொல்லை என்று தலைமுழுகிவிட்டாள். மகள் அந்த இன்னொருத்தியைச் "சித்தி, சித்தி" என்று வாய் நிறையக் கூப்பிடுவதைக் கேட்டால்தான் வயிறு பற்றி எரியும்.

அந்த மகளுக்குத் தட்டணு சரிந்து ஈறிலிருந்து ரத்தம் கசிய, அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். பையக்கா உடனே கையை நீட்டினாள். மருத்துவர் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. நெருங்கிய உறவின் ரத்தம் ஆகாது. அதிலுள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு தன்னுடையவை என்று நினைத்து விட்டுவிடும். அவை உள்ளே தங்கி அந்த உடம்பையே தாக்கக்கூடும். கதிர்வீச்சு கொடுத்து அவற்றை அடக்கலாம், ஆனால் அந்த இயந்திரம் அங்கே இல்லை. எத்தனையோ தாய்மாருக்கு அவளே பொறுமையாகச் சொல்லி அனுப்பிய விஷயம்தான். தனக்கென்று வந்தபோது அந்தப் பொறுமை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சித்தி வந்தாள். மகளின் ரத்த வகையேதான், ரத்த உறவும் இல்லை. ஏதாவது ஒன்று இடிக்காதா என்று பையக்கா தவித்தாள். தட்டணுவைக் கெடுக்கும் தலைவலி மாத்திரை ஏதும் போட்டீர்களா என்று கேட்டதையே திரும்பக் கேட்டாள். போடவில்லையாம். கை நரம்போ கயிறு மாதிரி புடைத்து நின்றது. நல்ல நரம்புகூட இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும்?

பரிசோதனைகள் முடிந்து, தட்டணுப் பைகளை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் தட்டில் அந்த மஞ்சள் பை போய் உட்கார்ந்தது. பக்கத்தில் அதே வகையில் இன்னொன்று, முகம் தெரியாத யாரோ கொடுத்தது, அன்றே காலாவதியாகப்போவது. பழையது முதலில் போகவேண்டும் என்பது அங்கே விதி. எந்த விதியையும் பையக்கா அவ்வளவு மனதாரக் கடைப்பிடித்ததில்லை. பழைய பை மகளுக்குப் போயிற்று. சித்தியின் பை, பிரசவத்தில் ரத்தம் நிற்காத ஒருத்திக்கு. அதைச் சித்தியிடம் போய்ச் சொல்லவும் செய்தாள். முகம் வாடுவதைப் பார்க்கத்தான்.

"யாருக்குப் போனா என்னக்கா, பொழச்சா சரி," என்றாள் அவள். முகம் வாடவே இல்லை.

மறுநாள் ஈறில் கசிவு நின்றிருந்தது. மகள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உங்க ரத்தம்தான் என் உடம்புல ஓடுது சித்தி," என்றாள். வாசலில் நின்ற பையக்காவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

சித்தி முந்திக்கொண்டாள். "என்னுது இல்லடி. உங்கம்மா பாத்து எடுத்துக் குடுத்தது. அவங்களைக் கூப்பிடு."

மகள் "அம்மா" என்று கையை நீட்டினாள். பையக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாக ஏங்கிய அழைப்பு. அதையும் சித்தி சொல்லித்தானே கூப்பிட்டாள் என்று அவளுக்கு ஆறவே இல்லை.