நான் அறுத்துவிட்ட குடம்

காவிரியின் நடுவில், ஒரு பாறைத் திட்டின் மேல், என் மனைவியின் தம்பியைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஜெபம் வரவில்லை. பிரியமானவர்களே, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஜெபக்கூட்டங்களில் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிக்கிறவன் நான். "தங்கராசு அண்ணன் ஜெபிச்சு முடிக்கறதுக்குள்ள கொழம்பு ஆறிப்போயிருமுங்க" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது தொண்ணூறுகளில், ஓர் ஐப்பசி மாதம். நான் சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரியில் மோல்டர். மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றி, பம்ப்புக்கு உடல் வார்ப்பது என் வேலை. வேலை சுத்தம் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயர்தான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

பீளமேட்டில் பைபர் கிளாஸ் பட்டறை வைத்திருந்த ஒரு நண்பர் எனக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். ஆறு மாதத்தில் பதினாறடி நீளத்தில் ஒல்லியாக ஒரு துடுப்புப் படகு செய்தேன். கேனோ என்பார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போட வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்தில் ஓட்டிப் பார்த்தேன். கத்தி மாதிரி போனது. பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பவானியில் இறங்கித் திருச்சி வரைக்கும் காவிரியிலேயே போய்க் காட்டுகிறேன் என்று அங்கேயே சவால் விட்டேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானாக விட்ட சவால்.

துணைக்கு டேனியலைக் கூப்பிட்டேன். டேனியல் என் மனைவி எஸ்தரின் ஒரே தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. எஸ்தர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். மில்லில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸில் தங்கி இருந்தான். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பிள்ளை.

"ஏனுங்க, அவனுக்கு நீச்சல் தெரியாதுங்களே" என்றாள் எஸ்தர்.

"மில்லு கெணத்துல கத்துக்கிட்டான் அம்மணி. நானே என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

பொய். அவனுக்கு நீச்சல் தெரியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு லாரி டியூபாவது எடுத்துக்கொள்ளலாமா என்று டேனியல் தயங்கித் தயங்கிக் கேட்டான். என் படகில் டியூபா என்று அவன் வாயை அடைத்தேன். படகின் இரண்டு முனையிலும் காற்றுப் பெட்டி வைத்திருந்தேன். நாலு பக்கமும் மூடிய பெட்டி. படகு நிறையத் தண்ணீர் புகுந்தாலும் அந்தக் காற்று படகை மூழ்க விடாது.

இங்கேதான் என் கைவரிசையைக் காட்டினேன். பவுண்டரியில் அச்சுக்குக் கம்பியால் குத்தித் துளை வைப்போம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் வெளியேற வழி இல்லாவிட்டால் அச்சு வெடித்து இரும்பு மேலே தெறிக்கும். என் இடது முழங்கையில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில், மூடிய பெட்டியைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. வெயிலில் காற்று உப்பிப் பெட்டி வெடித்துவிடும் என்று பயந்து, இரண்டு பெட்டியிலும் மேல் பக்கம் விரல் பருமனில் ஒரு துளை போட்டேன். "இதுல தண்ணி பூராதுங்களா மச்சான்?" என்று டேனியல் கேட்டதற்கு, "மேல் பக்கம் எப்படிடா பூரும்?" என்று சிரித்தேன். குளத்தில் அலை ஏது? அதனால் அங்கே தண்ணீர் புகவில்லை.

கிளம்பும்போது எஸ்தர் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தில் முக்கால் அளவுக்குச் சிறுவாணித் தண்ணீர் கொடுத்தாள். மூடி போட்டு, மூடி மேல் துணி வைத்து இறுக்கிக் கட்டி, கழுத்தில் கயிறும் கட்டி இருந்தாள். ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தன் பெயரையும் ஊர் பெயரையும் அதில் எழுதி இருந்தாள். ஆற்றில் போகிறவனுக்குக் குடத்தில் தண்ணீரா என்று எனக்கு ஒரே எரிச்சல். ஆனாலும் நம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு வேறு தண்ணீர் தொண்டையில் இறங்காதே. முன்பக்கம் டேனியலின் காலடியில் கட்டி வைத்தோம்.

முதல் இரண்டு நாளும் ஆறு எங்களைத் தாலாட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் காலை கொடுமுடிப் படித்துறையில் டீ குடித்தபோது வானம் ஈயம் மாதிரி இருந்தது.

"கடல்ல பொயலுன்னு ரேடியோவுல சொன்னாங்க. இன்னைக்கு எறங்காதீங்க தம்பி" என்றார் டீக்கடைக்காரர்.

"புயல் கடலுக்குத்தானுங்க. ஆத்துக்கென்னங்க?" என்றேன்.

டேனியல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்லி இருந்தால் நின்றிருப்பேனா? மாட்டேன். அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

மதியம் காற்று எதிர்த்து அடித்தது. ஆறு கிழக்கே போகிறது, காற்று கிழக்கே இருந்து வருகிறது. இரண்டும் மோதித் தண்ணீர் குதித்தது. காவிரியில் இடுப்பு உயரத்துக்கு அலை வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. பிறகு மழை. ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. கரை தெரியவில்லை. ஒவ்வோர் அலையும் முன்முனையில் ஏறி விழுந்தது.

"மச்சான், மொகப்பு கனமாயிட்டே போகுதுங்க!" என்று கத்தினான் டேனியல்.

பிளாஸ்டிக் மக்கை எடுத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றச் சொன்னேன். அவன் மொண்டான். படகுக்குள் தண்ணீர் குறைந்தது. ஆனால் முன்முனை எழும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் படகுக்குள் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. நான் போட்ட துளை வழியாகப் புகுந்துவிட்டது. பெட்டி நிறைந்தால் படகு கல்லாகத்தான் போகும். மொண்டு ஊற்றவும் வழி இல்லை.

என்ன செய்வது என்று தெரியாதவனுக்குக் கோபம்தானே வரும்? தவழ்ந்து முன்னால் போனேன். மஞ்சள் குடம் கண்ணில் பட்டது. "இந்தக் கனம் வேற!" என்று கத்தியால் கயிற்றை அறுத்துக் குடத்தை ஆற்றில் தள்ளிவிட்டேன்.

"மச்சான், அது அக்கா குடுத்த..." என்றான் டேனியல். நான் முறைத்தேன். அவன் நிறுத்திக்கொண்டான். குடம் இரண்டு அலை ஏறி இறங்கி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. டேனியல் என் பெல்ட்டைப் பிடித்திருந்தான். தண்ணீர் குடித்தோம். முழங்காலில் கல் தட்டுப்பட்டது. எப்படியோ அவனை இழுத்துக்கொண்டு ஏறினேன். நாலு கட்டில் போடுகிற அளவு திட்டு. ஓரத்தில் கொஞ்சம் நாணல். படகு அங்கேயே மூழ்கிவிட்டது. டேனியலின் கால் பாறை இடுக்கில் மாட்டி, கணுக்கால் வீங்கி, ஊன்ற முடியவில்லை. மேலே அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்து விட்டிருக்க வேண்டும். எங்கள் கண் முன்னாலேயே திட்டு சிறுத்தது.

நான் மட்டும் என்றால் நீந்திப் பார்த்திருப்பேன். இவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? இவன் இல்லாமல் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது? இவனைத் தூக்கி வளர்த்தவளிடம் என்ன சொல்வது?

"டேனியலு, உங்கக்காகிட்ட நான் பொய் சொல்லிப்போட்டேன்டா. உனக்கு நீச்சல் தெரியும்னு சொன்னேன்" என்றேன். அழுதுவிட்டேன்.

அவன் பல் தந்தியடிக்கச் சொன்னான். "அக்காவுக்குத் தெரியுமுங்க மச்சான். கெளம்பறதுக்கு முன்னாடியே எங்கிட்டக் கேட்டுச்சுங்க. தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன். எதுத்துப் பேசினா உங்களுக்கு இன்னும் புடிவாதம் வரும்னுதான் பேசாம இருந்துச்சுங்க. முழுசா நெறைக்காத கொடம் மெதக்கும், கவுந்தா அதக் கட்டிப் புடிச்சுக்கன்னு சொல்லித்தான் குடுத்துச்சுங்க."

சகோதரர்களே, அந்த நிமிஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? அது தண்ணீர்க் குடம் இல்லை. அவன் உயிரைத்தான் அவள் மூடி போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். நான் அதைக் கத்தியால் அறுத்துத் தள்ளி இருக்கிறேன்.

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நீங்க கோவத்துல இருந்தீங்க."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஜெபிக்க வாய் திறந்தேன். என் அழகான வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஒரு வரிதான் வந்தது. "ஆண்டவரே, தப்பு என்னுது. இவனை மட்டும் அவங்கக்கா கையில கொண்டுபோய்ச் சேர்த்துருங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழைக்குள் மேல்பக்கம் இருந்து கறுப்பாக, வட்டமாக ஒன்று சுழன்று வந்தது. பரிசல்! உள்ளே தலையில் கோணி போட்ட ஒரு மனிதர். நாங்கள் கத்தினோம். அவர் துடுப்பைக் குத்திக் குத்தித் திருப்பினார். பத்தடி தூரத்தில் ஆறு பரிசலை வழித்துக்கொண்டு போய்விட்டது. அவரும் மழைக்குள் மறைந்தார்.

டேனியல் என் தோளில் முகத்தைப் புதைத்தான். பரிசல் வெள்ளத்தை எதிர்த்து ஏறாது. அது எனக்குத் தெரியும். வந்த உதவியும் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனாலும் அந்த ஒரு வரியை நான் விடவில்லை. தண்ணீர் தொடைக்கு ஏறியது. அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி மேல்பக்கம் இருந்தே வந்தது அந்தப் பரிசல். இந்த முறை தூரத்திலேயே கல் கட்டிய கயிற்றை வீசினார். "தம்பீ, கவுத்தப் புடீங்க! மொதல்ல கால் முடியாதவர ஏத்துங்க! பதறாதீங்க கண்ணு!"

கயிறு என் கைக்கு வந்தது.

அவர் பெயர் மாரப்பன். ஒரு மைல் கீழே துறையில் பரிசல் போடுகிறவர். முதல் தடவை தவறியதும் கரை ஒதுங்கி, அந்த மழையில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடியும் மேலே நடந்து வந்து இறங்கி இருக்கிறார். கரையில் அவர் குடிசையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன்.

"அண்ணா, நாங்க இருக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

அவர் மூலையில் இருந்து எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். மஞ்சள் குடம்.

"இது என் தொறையில வந்து ஒதுங்குச்சுங்க. பாதிக் கொடம் நல்ல தண்ணி. மூடி போட்டுத் துணி கட்டியிருக்குது. பொம்பளப் பேரு, சிங்காநல்லூருன்னு எழுதியிருக்குது. இப்பிடிப் பதனமாக் கட்டின கொடத்த எவனுங்க தூக்கி எறிவான்? மேல மனுசங்க மாட்டியிருக்கோணும்னு பரிசலத் தூக்கிக்கிட்டு மேல நடந்துட்டேனுங்க."

எவன் எறிவான்? அந்த எவன் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். என் துளை போட்ட பெட்டி ஆற்றடியில் கிடந்தது. அவள் இறுக்கிக் கட்டிய குடம் மிதந்து போய் ஆள் கூட்டி வந்திருக்கிறது. நான் ஜெபிக்கும் முன்னாலேயே, என் கோபத்தின் கையாலேயே, பதில் கிளம்பிவிட்டது. மாரப்பன் அண்ணன் துணியை அவிழ்த்து ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினார். சிறுவாணித் தண்ணீர். "காவேரித் தாயி உட்டுக்குடுத்தாங்க" என்று ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் அவருடைய வழியில் நன்றி சொன்னார். நான் மண்டியிட்டு என் ஆண்டவருக்குச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்தாள், கட்டுப் போட்ட காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு குடத்தை வாங்கினாள். கழுத்தில் ஒரு சாண் கயிறுதான் மிச்சம் இருந்தது.

"கவுறு எப்படிங்க அறுந்துச்சு?"

ஆற்றில் அறுந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பழைய தங்கராசு சொல்லி இருப்பான்.

"நாந்தான் அறுத்தேன் எஸ்தரு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புதுக் கயிறு எடுத்து வந்து, என் கையில் கொடுத்து, "நீங்களே கட்டுங்க" என்றாள்.

தை மாதம் டேனியல் தன் கல்யாணத்துக்குக் கொஞ்சம் நொண்டிக்கொண்டே ஆலயத்துக்குள் நடந்தான். மாரப்பன் அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் இப்போது கூட்டங்களில் சுருக்கமாகத்தான் ஜெபிக்கிறேன், குழம்பு ஆறுவதில்லை. யாராவது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டால், வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் இன்றைக்கு அப்படி ஒரு திட்டின் மேல் நிற்கலாம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கலாம். தப்பும் உங்களுடையதாகவே இருக்கலாம். வார்த்தை வரவில்லையே என்று கலங்காதீர்கள். வருகிற ஒரு வரியைச் சொல்லுங்கள். முதல் பரிசல் தவறிப் போனாலும் அந்த வரியை விடாதீர்கள். அந்தக் குடம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தினமும் காலையில் நான்தான் தண்ணீர் பிடித்து வைக்கிறேன்.