அதிகாரம் முடிந்த இடம்

விடுதலை என்ற சொல்லை நான் வேதத்திலிருந்துதான் கற்றேன். கலவை ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் காலராவுக்குத் தாய் தகப்பனைப் பறிகொடுத்தபோது எனக்கு ஐந்து வயது. மிஷன் விடுதி எடுத்து வளர்த்தது. எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்களின் கூக்குரலைக் கேட்டுக் கடவுள் இறங்கி வந்த கதையை அங்கேதான் முதலில் கேட்டேன். எங்கள் சனங்களின் கூக்குரலை அதுவரை எந்தத் தெய்வமும் கேட்டதாக யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வித்தியாசமில்லை என்று மனப்பாடம் செய்து, பரிசாக ஒரு சீப்பு வாங்கினேன்.

இருபத்திரண்டு வயதில் என்னை ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரைச் சேரியில் பள்ளிக்கூடம் நடத்த அனுப்பினார்கள். சேரியில் பாதிப்பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஏறக்குறைய எல்லாரும் பக்கத்திலிருந்த தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தார்கள். ஆண்கள் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டினார்கள். பெண்கள் ஆவாரம்பட்டை இடித்தார்கள். அந்த ஷாப்பின் முதலாளி முஸ்லிமும் அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல. எங்கள் சபையின் மூப்பர். குடிசைகள் நின்ற நிலம் அவருடையது. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஜெபம் செய்தால் கண்ணீர் வரும். அது பொய்க் கண்ணீர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலில் இரண்டு ஆராதனைகள் நடந்தன. காலையில் ஊரார்க்கு. மத்தியானம் ஷாப்புக்காரர்களுக்கு. ஊற வைத்த தோலை ஒருநாள் புரட்டாமல் விட்டால் கெட்டுப்போகும் என்பதால் அவர்கள் காலையில் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வரட்டும் என்று சபை முடிவு செய்திருந்தது. காரணம் அது மட்டுமல்ல. அந்த வாடையோடு யாரும் பக்கத்தில் உட்கார விரும்பவில்லை. இதைப் பற்றி யாரும் பேசியதில்லை, நானும் பேசவில்லை. நான் காலை ஆராதனைக்குப் போகிறவள்.

சாயங்காலங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். பத்துப் பேர் வந்து, நான்காகி, கடைசியில் ஒருத்திதான் நிலைத்தாள். பட்டை இடிக்கிறவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அவளை ‘நீ’ என்பேன், அவள் என்னை ‘நீங்க’ என்பாள். அது எனக்கு அப்போது உறுத்தவில்லை. ஆவாரம்பட்டைத் தூள் ஏறி அவள் விரல்கள் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். வரிக்குக் கீழே விரலை வைத்துத்தான் படிப்பாள். பள்ளிக்கூடத்து வேதப் புத்தகத்தில் அவள் படித்த பக்கமெல்லாம் கறை. நான் கடிந்துகொண்டபோது விரலுக்குப் பதிலாக ஒரு துடைப்பக்குச்சியைக் கொண்டுவந்தாள்.

ஒன்றரை வருஷத்தில் சரளமாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். கேள்விகளும் தொடங்கின. ஒருநாள் பத்துக் கட்டளைகளில் வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, இது இன்னா, ஒரே கட்டளை ரெண்டு எடத்துல இருக்குது. காரணம் மட்டும் வேற வேற சொல்லுது.”

“எந்தக் கட்டளை?”

“ஓய்வுநாளு. மொத எடத்துல, ஆண்டவரு ஆறு நாள்ல ஒலகத்தைப் படைச்சிட்டு ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு, அதனால நீயும் ஓய்ஞ்சிருன்னு இருக்குது. இந்த எடத்துல, நீ எகிப்துல அடிமையா இருந்தவன், அத நெனச்சிக்கோ, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்ன மாதிரியே ஓய்வெடுக்கணும்னு இருக்குது.”

விடுதியில் இரண்டையும் ஒப்பித்தவள் நான். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததே இல்லை. ஆனாலும் ஆசிரியை அல்லவா, தெரிந்தவள்போலவே பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

“அடிமைக்கு எது இல்லேன்னு யோசிச்சுப் பாரு. ஓய்வு இல்ல. பார்வோன் அவங்களுக்கு ஒரு நாளும் குடுக்கல, செங்கல் அறுக்கிற வேலைதான் குடுத்தான். கடவுள் வெளிய கொண்டாந்து, இந்த ஒரு நாள் உங்களோடதுன்னு சொன்னாரு. அந்த ஒரு நாள் இருந்தா அவன் அடிமை இல்ல.”

அவள் குச்சியை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை.

“உன்ன மாதிரியேன்னு போட்டிருக்குது இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாம்,” என்றேன்.

அப்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அந்த வருஷம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், சேணம் வேண்டும், எல்லாவற்றுக்கும் தோல் வேண்டும். காட்பாடி வழியாகப் பட்டணத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டிகளில் தோல் கட்டுகள் மலைபோல் ஏறின. ஷாப்பில் குழிகள் இரட்டிப்பாயின. மேஸ்திரி சேரிக்கு வந்து, இனி ஞாயிற்றுக்கிழமையும் முழுநாள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியான ஆராதனை நின்றது. ஆராதனை நடத்தும் உபதேசியார் இரண்டு வாரம் காலிக் கோயிலில் மணி அடித்துப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு ஐந்து குடும்பங்கள் வேலைக்குப் போகவில்லை. பட்டை இடிப்பவளும் அவள் புருஷனும் முதலில். குளித்து, துவைத்த துணி கட்டிக்கொண்டு, காலை ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மூப்பர் திரும்பவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் அவர்களை நிறுத்தினார்.

“தோலுக்கு ஞாயித்துக்கெழம தெரியாதுப்பா. ஊற வச்சிட்டா அது பாட்டுக்கு அழுகும். இன்னைக்கு எவ்ளோ நஷ்டம் தெரியுமா?”

அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவள்தான் பேசினாள்.

“சனிக்கெழம ஊற வைக்காம இருந்தா அழுகாதுங்களே, ஐயா.”

தொழில் தெரிந்தவள் சொன்ன சரியான பதில். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் மிஷன் பங்களாவுக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். எங்கள் வெள்ளைக்கார மிஷனரியை எல்லாரும் துரை ஐயர் என்போம். நல்லவர். சேரியில் பேதி வந்தபோது தம் கையாலேயே நோயாளிகளைத் தூக்கியவர். எங்கள் பேச்சுத்தமிழ் அவருக்கு வராது. அச்சிட்ட தமிழில்தான் பேசுவார்.

“மகளே, நீ அவர்களுக்குச் சத்தியத்தைப் போதித்தாய். அது தவறல்ல. ஆனால் விடுதலை என்பது ஆத்துமாவுக்குரியது. அதை இவர்கள் சரீரத்துக்குரியதாக எண்ணிவிட்டார்கள்.”

எகிப்தில் செங்கல் அறுத்தது ஆத்துமாவா என்று கேட்க எனக்கு நாக்கு இல்லாமல் போயிற்று.

“வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று அப்போஸ்தலர் எழுதிய நிருபம் இருக்கிறதே, வருகிற ஞாயிறு அதை நீ வாசி. உன் வாயால் கேட்டால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.” சற்றுத் தாமதித்து, “அந்த அதிகாரத்தின் முடிவுவரைக்கும் வாசித்தால் போதும்,” என்றார்.

நான் சரி என்றேன். எனக்குப் போக வேறு இடம் இல்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சேரியில் இருந்தவர்களுக்கும் போக வேறு இடம் இல்லை. அவர்கள் சரி என்று சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. ஐந்து குடும்பங்களும் பின்வரிசையில். மூப்பர் முன்னால். நான் எழுந்து வாசித்தேன். வேலைக்காரர்கள் எல்லாக் காரியத்திலும் கீழ்ப்படிய வேண்டும், மனிதரின் கண்ணுக்காக அல்ல, கர்த்தருக்குப் பயந்து செய்ய வேண்டும் என்று வரும் வரிகள். என் குரல் நடுங்கவில்லை. அதிகாரம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன்.

“டீச்சரம்மா, அதுக்கு அடுத்த வரி?”

பின்னாலிருந்து அவள் குரல். கோயிலில் ஒரு பெண் ஆராதனை நடுவே பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“அது அடுத்த அதிகாரம். ஒக்காரு,” என்றேன்.

அவள் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகம் அவள் கையில் இருந்தது. குச்சியை வைத்து, எழுத்தெழுத்தாக, ஆனால் பிழையில்லாமல் வாசித்தாள். எஜமான்கள் தங்கள் வேலைக்காரருக்கு நியாயம் செய்ய வேண்டும், எஜமான்களுக்கும் மேலே பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு என்று அந்த வரி சொல்கிறது. அதிகாரம் அங்கே பிரிவதால், நிறுத்த விரும்புகிறவர் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். துரை ஐயருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘அ’ எழுதத் தெரியாதவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் எண்ணவில்லை.

வாசித்து முடித்ததும் அவள் உட்கார்ந்தாள். உபதேசியார் அவசரமாக ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார்.

அந்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. ஆராதனையில் கலகம் செய்ததாக அவள்மேல் குற்றம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கமிட்டியின் நடவடிக்கையை என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். அன்றும் எழுதினேன். நடுவில் மூப்பர் கேட்டார்: “அந்த வரியப் படிக்கச் சொல்லி நீதான் சொல்லிக்குடுத்தியாம்மா?”

“இல்லீங்க. அவளாப் படிச்சது,” என்றேன்.

முழு உண்மை அது. அதைவிடக் கேவலமான உண்மையை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து அவளை நீக்குவதாகத் தீர்மானம். எழுதி, மை காய மணல் தூவினேன். ஐந்து குடும்பங்களும் குடிசைகளைக் காலி செய்ய வேண்டும் என்று மேஸ்திரி அன்றே போய்ச் சொல்லியிருந்தார். அது சபையின் காரியமல்ல, மூப்பரின் சொந்த நிலம், நாம் தலையிட முடியாது என்றார் துரை ஐயர். அவர் முகம் வாடித்தான் இருந்தது.

கோலார் தங்கவயலுக்குப் போவது என்று ஐந்து குடும்பங்களும் முடிவெடுத்தன. புறப்படும் நாள் காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வேதப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“பள்ளிக்கூடத்துப் பொஸ்தகம். வச்சிக்கோங்க.”

“நீயே வச்சிக்க. நான் கேக்கல,” என்றேன்.

“வேணாம். திருடிக்கினு போய்ட்டான்னு சொல்லுவாங்க.” மேசைமேல் வைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். “அந்த வரி உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதான் எடுத்துக் குடுத்தேன்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. கோயிலில் அவள் எழுந்து நின்றது மூப்பரை எதிர்க்க என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். என் வாசிப்பில் விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்கத்தான் அவள் எழுந்திருக்கிறாள். நான் வேண்டுமென்றே நிறுத்தினேன் என்பது என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு அப்போது தெரிந்தது. பானை சட்டிகளோடு அவர்கள் ரயிலடிப் பக்கம் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

அடுத்த வருஷம் என்னைத் தலைமை ஆசிரியை ஆக்கினார்கள்.

கோலாரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, அங்கிருந்த சபையின் போதகரிடமிருந்து. இந்தப் பெண் திருவிருந்தில் சேரக் கேட்கிறாள், உங்கள் சபையின் நற்சாட்சிப் பத்திரம் தேவை என்று எழுதியிருந்தார். கமிட்டி மறுத்தது. மறுப்பையும் நான்தான் அழகாக எழுதினேன். சில வருஷம் கழித்து, துரை ஐயர் சீமைக்குத் திரும்பியதும், நானாகவே ஒரு நற்சாட்சி எழுதி, பள்ளிக்கூட முத்திரை போட்டு அனுப்பினேன். அந்தப் பெண் மார்ச்சளியில் இறந்து இரண்டு வருஷமாயிற்று, திருவிருந்தில் சேராதவளுக்குச் சபைக் கல்லறையில் இடம் தர விதி இல்லாததால் வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள் என்று பதில் வந்தது. அவள் குடியிருந்த சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். என்ன புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தாளோ தெரியவில்லை.

இப்போது மூப்பர் இல்லை. அவர் மகன் ஷாப்பை நடத்துகிறார். எஞ்சின் வைத்து மிஷின் ஓட்டத் தொடங்கியதால் ஷாப் சர்க்கார் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஓர் அதிகாரி சைக்கிளில் வந்து, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, வாரம் ஒருநாள் விடுமுறை விடாவிட்டால் கேஸ் போடுவேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஷாப் மூடியிருக்கிறது. தோல் அழுகவில்லை. சனிக்கிழமை ஊற வைப்பதில்லை, அவ்வளவுதான்.

போன அறுப்புப் பண்டிகையில் புதிய போதகர், கர்த்தருடைய நாளைக் கனம்பண்ணித் தம் தொழிலாளருக்கு ஓய்வளித்த அந்தக் குடும்பத்தின் பக்திக்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். சபை ஆமென் என்றது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் சொன்னேன்.