பல்லிடுக்கு விசில்

எங்கள் கண்டக்டரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. பதினோரு வருடமாக நான் ஓட்டுகிற பஸ்ஸில் அவன்தான் டிக்கெட் கொடுக்கிறான். கட்டின மனைவியோடு பேசியதைவிட அவனோடு பேசியதுதான் அதிகம் என்று என் மனைவியே குத்திக்காட்டுவாள். கணக்குப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

அவனுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஓர் இடைவெளி. பிறவியிலேயே அப்படி. அந்த இடுக்கில் நாக்கைக் கொடுத்து ஊதினான் என்றால் காது கிழியும். ஒரு கையில் டிக்கெட் மெஷின், மறுகையில் சில்லறை, இதில் விசிலை வேறு எங்கே தேடுவது என்பான். ஒருமுறை ஊதினால் நிற்க வேண்டும், இரண்டுமுறை ஊதினால் போக வேண்டும். பஸ் நிலையத்தில் ஒரே நேரத்தில் இருபது கண்டக்டர்கள் ஊதுவார்கள். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய விசில், ஒரே சத்தம். மற்ற டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பார்கள். நான் திரும்பியே பார்க்க மாட்டேன். என் ஆள் சத்தம் எனக்குத் தெரியும்.

ஆனால் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏதாவது வேடிக்கை நடந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொள்வான். இடைவெளி மட்டுமல்ல, சின்ன வயதில் குடித்த தண்ணீரால் பல்லெல்லாம் பழுப்புக் கோடுகள். நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. ஆள் கொஞ்சம் உம்மணாமூஞ்சி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் டிப்போவில் அவன் பேரில் புகார் வந்தது. கண்டக்டர் பயணிகளைப் பார்த்து முறைக்கிறார், ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். டைம்கீப்பர் அதை நாலு பேர் கேட்க வாசித்தார். நான் சண்டைக்குப் போனேன். இவன்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்தான்.

"முறைக்கலண்ணே. வாயத் தொறந்தா பல்லு தெரியுமேன்னு மூடிக்கிறேன். அது அவங்களுக்கு முறைக்கிற மாதிரி இருக்கு போல."

நேரம் என்ன என்று சொல்வது போல அதைச் சொன்னான்.

அடுத்த வாரமே மனைவியோடு பல் டாக்டரம்மாவிடம் போய்விட்டான். அவர் சொன்னதை மூன்று டிரிப்பில் எனக்கு விளக்கினான். இது பல்லுக்குள்ளேயே ஊறிய கறை, சுத்தம் செய்தால் போகாது. கம்பி கட்டினால் இடைவெளி அடையும், நிறம் அப்படியே இருக்கும். பசை மாதிரி ஒன்றைப் பூசி மறைக்கலாம். செலவு குறைவு, ஆனால் நாலைந்து வருடத்தில் டீக்கறை ஏறிவிடும். கடைசியாக வெனீர். நகம் கனத்துக்குப் பீங்கான் தகடு செய்து பல்லின் முகப்பில் ஒட்டுவார்கள். நிறம், இடைவெளி இரண்டும் ஒரே வேலையில் தீர்ந்துவிடும். அதற்காகப் பல்லின் மேற்பரப்பை அரம் போட்டதுபோல ராவித் தேய்க்க வேண்டும். ராவியது திரும்ப வளராது. பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தகட்டை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு ஆயுசுக்கும் கூடவே வரும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவசரமில்லை, யோசித்து வாருங்கள் என்று டாக்டரம்மா இரண்டுமுறை திருப்பி அனுப்பினாராம். பிழைக்கத் தெரியாத டாக்டர் என்றேன். நல்ல பல்லைக் காசு கொடுத்து ராவிக்கொள்வானா ஒருத்தன், உனக்கென்ன கிறுக்கா என்றும் கேட்டேன். பழைய பைக் ஒன்று வாங்கச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. சைக்கிளே போதும் என்று முடிவெடுத்துவிட்டான். கேட்க வேண்டியதையெல்லாம் அவன் மனைவி ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டிருக்கிறாள். விசில் அடிக்க முடியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை.

நாலு பல்லுக்குத் தகடு ஒட்டி முடித்த மறுநாள் டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து ஈ என்று காட்டினான். பொய் சொல்லக்கூடாது, பையன் அழகாக இருந்தான். பஸ் நிறைந்ததும் வழக்கம்போல நாக்கைக் கொடுத்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினான். அதுவும் காற்று. முன்சீட்டு அம்மா ஒருவர் டயர் பஞ்சராகிவிட்டதா என்று கேட்டார். இவன் சிரித்துவிட்டு, எல்லோரும் வாங்குகிற அதே கடையில் ஒரு விசில் வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் வினை வந்தது. பஸ் நிலையத்தில் இரண்டு விசில் கேட்டது, வண்டியை எடுத்துவிட்டேன். ஊதியது பக்கத்து பஸ் கண்டக்டர். என் ஆள் கீழே நின்று ஒரு பெரியவருக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று நிறுத்தம் தாண்டியும் யாரும் டிக்கெட் கேட்கவில்லையே என்று ஒரு நல்ல மனுஷன் வாய் திறந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பின்னால் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தான்.

டிப்போவில் எனக்கு மெமோ. ஆத்திரத்தை முழுக்க அவன் தலையில் கொட்டினேன். பதினோரு வருடத்தில் எனக்கு ஒரு மெமோ உண்டா, உன் ஜம்பத்துக்கு நான் பலியா என்றெல்லாம் கேட்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன் என்பதுதான் சரி. மறுநாள் வந்து, டாக்டரம்மாவிடம் விசாரித்துவிட்டதாகச் சொன்னான். நடுவில் உள்ள இரண்டு தகட்டையும் எடுத்துவிட்டு, பழைய இடைவெளி விட்டுப் புதிதாகச் செய்யலாமாம். செலவு மறுபடியும் ஆகும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். சரி என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

புதன்கிழமை மதிய டிரிப். சிக்னலில் நிற்கும்போது உள் கண்ணாடியைப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு பாட்டி, இவ்வளவு சிரிக்கிறவனுக்கு டிக்கெட் காசு எதற்கு என்று இவனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இவன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுதாகத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி அவனிடம் ஏதோ கேட்டாள், அதற்கும் சிரித்தான். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தது. நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அவனைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போக வேணாம்."

"லீவு போட்டுட்டேண்ணே."

"லீவு போட்டா வீட்ல படுத்துத் தூங்கு. பல்லுல கை வைக்காதே. இனிமே நான் திரும்பிப் பாத்து வண்டியை எடுக்குறேன். ஊர்ல எல்லா டிரைவரும் அதைத்தானே பண்றான்."

அவன் டிக்கெட் மெஷினைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

"நீங்க இதைச் சொல்ல மாட்டீங்களான்னுதாண்ணே நாலு நாளா பாத்துட்டே இருந்தேன்."

நான் அவனை என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. நேரமாகிறது, ஏறித் தொலை என்றுதான் வந்தது. சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனான். ஆட்கள் ஏறி முடித்ததும் வாசல் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். நான் திரும்பி, அவன் படியில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கியரைப் போட்டேன்.