என் கைச் சோற்றுக்கு உபவாசம்

எங்கள் சபையில் யாரும் யாரையும் ஏசமாட்டார்கள். கைநீட்டுவது, ஊரைக் கூட்டிக் கத்துவது எதுவும் அங்கே கிடையாது. எல்லோரும் அன்பாகத்தான் பேசுவார்கள். அந்த அன்பில் அகப்பட்ட எனக்குத்தான் தெரியும், நாலு ஏச்சு வாங்குவது எவ்வளவு சுகமான காரியம் என்று.

நான் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவள். அப்பர் கரைவலை இழுத்தவர். கலியாணம் செய்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்தேன். இவர் வெள்ளைக்காரக் கடற்படையின் பட்டறையில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரன் கப்பல்களைக் கொண்டு போனபோது இவருடைய வேலையும் கூடவே போய்விட்டது. சல்லியிலிருந்து தம்பி சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து தருவான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் சபையார் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். ஒரு நாள் பிட்டும் மீன்குழம்பும், ஒரு நாள் பாணும் சம்பலும் கொண்டுவந்து, எங்களோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்ன ஆட்கள், எந்தப் பகுதி என்று ஒரு கேள்வி இல்லை. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். இவர் உள்துறைமுகக் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார். நானும் பின்னால் இறங்கினேன். பிறகு துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. ஜெபத்தின் பலன் என்றார்கள். இருக்கலாம்.

பொட்டை அழித்தேன். தோட்டைக் கழற்றினேன். பூ வைப்பதை விட்டேன். எதையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாஸ்டர் என் காதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்ப மனம் வருதோ அப்பக் கழட்டுங்கோ மகள்" என்பார். அவருக்கு என்னைவிட வயது குறைவு, ஆனாலும் நான் மகள். மனம் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் என் காதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். யாரால் அதைத் தாங்க ஏலும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று இருந்தது. வாங்குப் பலகையிலிருந்து எழும்பி, அந்தக் கிழமை தாங்கள் செய்த பாவத்தைச் சபைக்கு முன்னால் சொல்லவேண்டும். அழாமல் சொன்னால் அது பாதிச் சாட்சி. சிலர் கெட்டிக்காரர்கள், முதல் சொல்லிலேயே கண்ணீர் வரும். எனக்கு லேசில் வராது. சல்லிக் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு முகத்தில் உப்புக் காய்ந்துபோயிருக்கும் என்று இவர் பகிடி பண்ணுவார். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பகிடி இருந்தது.

அப்பர் செத்த செய்தியோடு ஒரு காலை தம்பி வந்தான். நான் பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

"போங்கோ மகள். நல்லா அழுங்கோ, பெத்த தகப்பன்தானே. வாய்க்கரிசி மட்டும் போடாதேங்கோ. அது பிசாசுக்குப் போடுறது."

துணைக்கு ஒரு சகோதரியை அனுப்பினார். என்னோடு மிக வாரப்பாடான சகோதரி, வேலையில்லாத காலத்தில் முதல்முதல் பிட்டு கொண்டுவந்தவளும் அவள்தான். என் துக்கத்தில் பங்கெடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு போனேன். என்னைப் போல மடைச்சி யாரும் இருக்கமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டிலே, பிரேதத்தை எடுக்கும் முன் வாய்க்கரிசி போடுவதோடு எங்கள் கடமை முடிந்தது. கடைசியாக முகத்தைத் தொடுவதும் அப்போதுதான். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரத்தில் நின்றேன். அப்பரின் தமக்கை, என் மாமி, என் விரல்களைப் பிரித்து அரிசியை வைத்தாள். "உன்னைத் தோளில வைச்சுக் கடல் காட்டின மனுசன். பசியோட அனுப்பப்போறியோ?" என்று மட்டும் கேட்டாள். போட்டேன். நான் போடும்போது சகோதரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வந்த ஞாயிறு அவள் சாட்சி சொல்ல எழும்பினாள். என்னைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவில்லை. தன்னுடைய பாவத்தைத்தான் சொன்னாள். "என்ர சகோதரி பிசாசுக்கு அரிசி போடேக்க பக்கத்தில நிண்டும் நான் தடுக்கேல்ல. என்ர விசுவாசம் காணாது. என்னை மன்னியுங்கோ" என்று விம்மினாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதுதான். சபை முழுக்க அவளுக்காக அழுதது. அழுதுகொண்டே எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே கதைத்தார். நான் சபைக்கு முன்னால் எழும்பி இரண்டு விஷயம் சொல்லவேண்டுமாம். அரிசி போட்டது பாவம். அப்பர் இருளில் செத்தார், நரகத்தில் இருக்கிறார்.

"போட்டது பிழையெண்டு சொல்லுறன்" என்றேன். "அப்பர் நரகத்தில எண்டு என்ர வாயால சொல்ல ஏலாது."

"நான் கட்டாயப்படுத்தேல்ல மகள். நீங்கள் மனந்திரும்புமட்டும் நாங்கள் எல்லாரும் உங்களுக்காக உபவாசம் இருக்கப்போறம்" என்றார்.

அந்த உபவாசம் என்னவென்றால், என் கையால் சமைத்ததை மட்டும் யாரும் சாப்பிடமாட்டார்கள். மற்றப்படி எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். என் புருஷனும் மகளும் சின்னவனும் மூன்று வேளையும் பாஸ்டர் வீட்டுக் குசினியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சபைக்குப் போனால் கடைசி வாங்கு எனக்கு. யாரும் முகம் திருப்பவில்லை, எல்லோரும் சிரித்தார்கள், கையைப் பிடித்து "உங்களுக்காகத்தான் ஜெபிக்கிறம்" என்றார்கள். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை அதற்கு முன்பு கதையில்தான் கேட்டிருக்கிறேன்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாலு பேருக்கும் சமைத்தேன். சந்தைக்குப் போய் நல்ல பாரை மீனாகப் பார்த்து வாங்கினேன். தாளித்த வாசம் அந்த ஒழுங்கை முழுக்கப் போகும். இவருக்கு அந்த வாசம் பொறுக்காது என்று தெரிந்துதான் தாளித்தேன். மனிசன் சேட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு நாள் கேட்டேன்.

"உங்களுக்கு வாயில்லையோ? என்ர அப்பர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"ஒரு வசனம்தானே. சொல்லிப்போட்டு இருமன்" என்றார். "வேலையில்லாமக் கிடந்தப்ப ஆர் சாப்பாடு தந்தது எண்டு மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. அந்தப் பிட்டுத்தான் என் தொண்டையில் நின்றது. சமைத்ததை நான் ஒருத்தி எவ்வளவு தின்பது? மிச்சம் காகத்துக்கும் நாய்க்கும் போனது. அவற்றுக்கு ஒரு சபையும் இல்லை.

மகள் பெரியவள், பன்னிரண்டு பதின்மூன்று வயது. அவள் என்னைப் பாவமாகப் பார்ப்பாளே தவிர ஒன்றும் சொல்லமாட்டாள். சின்னவன்தான் உடைத்தான். பள்ளிக்கூடம் போகிற வயது வரவில்லை அவனுக்கு. ஒரு மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் வந்து குந்தினான். கண் முழுக்கத் தாச்சியில் இருந்தது. முள்ளெடுத்து ஒரு துண்டை ஊதி ஆற்றி அவன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏன் ராசா, அம்மாவில கோபமோ?"

இல்லையென்று தலையை ஆட்டினான். கையை எடுக்காமலே சொன்னான். "நான் சாப்பிட்டா நீங்கள் மோட்சத்துக்கு வரமாட்டீங்களாம். நான் அங்க தனிய இருக்கோணுமாம்."

பொத்திய விரல்களுக்கு இடையால் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பசியில் நின்ற குழந்தைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனை அந்த நேரம் கண்டிருந்தால், தாச்சியோடு எண்ணெயை முகத்தில் ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை. அடுப்பை நூர்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். என் பிள்ளை என் கையால் சாப்பிடவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அப்பர் செத்தவர், அவருக்கு இனி வலிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு எழும்பி நின்றேன். அரிசி போட்டது பாவம் என்றேன். அப்பர் இருளில் செத்தார் என்றேன். நரகத்தில் இருக்கிறார் என்றேன். சபை அசையவில்லை. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். என்ன குறை என்று பிறகுதான் விளங்கியது, நான் அழவில்லை. இவ்வளவு சொன்னதும் போதாதா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சபையார் அதை மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். சலங்கை கட்டிய தம்பூரு அடித்தார்கள், அல்லேலூயா சொன்னார்கள். துணைக்கு வந்த சகோதரி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து என் கழுத்தை நனைத்தாள்.

அன்று மத்தியானம் நாலு பேரும் வீட்டில் இருந்து சாப்பிட்டோம். சின்னவன் என் மடியில் இருந்து, நான் ஊட்ட ஊட்டத் தின்றான். இவர் "குழம்பு நல்லாயிருக்கு" என்றார். அந்த மனிசனோடு அதன் பிறகும் கனகாலம் வாழ்ந்தேன், ஆனால் பகிடி விடவில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாஸ்டர் என் சாட்சியை வீணாக்க விரும்பவில்லை. கொஞ்ச நாளில் சல்லியில் ஒரு திறந்தவெளிக் கூட்டம் வைத்தார்கள். கருவாடு காயப்போட்டிருந்த கரையில், வள்ளங்களுக்குப் பக்கத்தில், சத்தத்தைப் பெருக்கும் தகரக் குழலை என் கையில் தந்தார்கள். "உங்கட சனம்தானே மகள், அவையளும் தப்ப வேண்டாமோ?" என்றார். என் பிள்ளைகள் பாஸ்டரம்மாவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்தம்மா சின்னவனின் தோளில் கைபோட்டிருந்தாள். என்னைச் சொல்லவைக்க அது போதும். குழலை வாயில் வைத்து, சபையில் சொன்னதையே சொன்னேன்.

என்னைத் தூக்கி வளர்த்த சனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். யாராவது கல் எறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒருத்தரும் எறியவில்லை. மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன், அதை வைத்துவிட்டு மெல்ல நடந்து வந்தான். அப்பருக்குக் கொள்ளி வைத்ததில் மொட்டையடித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது.

"அக்கா, வீட்ட கூழ் காய்ச்சியிருக்கு. குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றான்.

நான் பாஸ்டரைப் பார்த்தேன், பாஸ்டர் சிரித்தபடி நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். தம்பிக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அப்பர் மட்டுமில்லை," என்று கேட்டான், "நாங்களும் அங்கதான் போறமோ அக்கா?"

இல்லையடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அன்றைக்குச் சொல்லியிருப்பேன், அதன் பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்று. அதற்குள் என் மகள் முன்னுக்கு வந்து அவனுடைய கையைப் பிடித்தாள். முகத்தில் கோபமோ வெறுப்போ இல்லை, கண் கலங்கியிருந்தது.

"ஓம் மாமா" என்றாள், அன்பாக.