கடைசிப் பெட்டி

ஊசியக்காவைத் தெருமுனையில் கண்டாலே சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு வீட்டில் வீட்டுக்காரரே உள்ளேயிருந்து, "வீட்ல யாரும் இல்லம்மா" என்று குரல் கொடுத்தார்.

"சரிங்க, அந்த யாரும் இல்லாதவரு ரெண்டு நிமிஷம் வெளிய வாங்க" என்றாள் அவள். மனுஷர் சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார்.

பரம்பரையாக வரும் தசை நோய் உள்ள குடும்பங்களைத் தேடிப்போய், பேசிச் சம்மதிக்க வைத்து, ரத்தம் எடுத்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. பணம் தந்தது எங்கோ பணக்கார நாட்டில் இருந்த ஓர் அறக்கட்டளை. "ரத்தத்துல என்ன இருக்குன்னு பதில் கட்டாயம் வரும்" என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்தது ஊசியக்கா.

அவளுடைய நாத்தனார் மகனுக்கும் அதே நோய். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே நடை நின்றது, மீசை அரும்பும் வயதில் உயிர் போனது. போவதற்கு முந்தின வருஷம் அவள்தான் அவனுக்கு ரத்தம் எடுத்தாள். "வலிக்குதாடா?" என்று கேட்டதற்கு, "ஊசி வலிக்கல அத்தை, உங்க பேச்சுதான்" என்றான்.

ரத்தம் எடுத்த குப்பிகளைப் பரிசோதனைக்கு அடுக்கியபோது சொந்தக்காரர்களுடையதைக் கடைசிப் பெட்டியில் வைத்தாள். அப்படி வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே வீட்டு ஆட்கள் சாப்பிட உட்காருவார்கள். தன் ஆட்கள் என்றால் முந்திக்கொள்கிறாள் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாது.

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியோடு பணம் நின்றது. அறக்கட்டளை இனிமேல் சர்க்கரை நோய்க்கு மட்டும்தான் கொடுக்குமாம்.

அந்த வாரமே நாத்தனார் மகள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. வயிற்றில் இருப்பது பையனானால் அவனுக்கும் மாமனின் நோய் வருமா என்று சொல்ல, செத்துப்போனவனின் ரத்தத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த ரத்தம் கடைசிப் பெட்டியோடு ஃப்ரீசரில் இருந்தது.

ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவிடம் போய் நின்றாள் ஊசியக்கா.

"இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் பாத்துக் குடுங்கம்மா."

"மெஷினுக்குப் போடற மருந்தே தீந்துபோச்சு. மூணு இடத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒருத்தர்தான் பதில் போட்டாரு, அடுத்த வருஷம் கேளுங்கன்னு."

"அடுத்த வருஷம் குழந்தை தவழும்மா. வெளியில பாக்க முடியாதா?"

"வெளியில பாத்தா வீட்டை வித்துதான் கட்டணும்."

"அவங்க இருக்கறதே வாடகை வீடு."

 டாக்டரம்மா சொன்னார்: "நீ சர்க்கரை வேலைக்கு வந்துடு. ஃப்ரீசர் ஓடறதும் இனி அந்தப் பணத்துலதான். அந்த வேலை நடக்கலன்னா அதையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க."

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுச் சமையலறையில், தாயும் மகளும் இருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் அண்ணி, தையக்காரர் வீட்டுக்குப் பதில் வந்துச்சே. அவங்க நமக்கு அப்புறம்தானே குடுத்தாங்க?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஊசியக்காவுக்கு அதற்கு மனசு வரவில்லை. "நான்தான் நம்மளோடதக் கடைசியில வச்சேன்" என்றாள்.

"நீங்க ஊர்ல நல்ல பேரு எடுக்க என் புள்ளதான் கிடைச்சானா?"

"அம்மா, விடு" என்றாள் மகள். ஊசியக்காவைப் பார்த்து, "அத்தை, நான் இந்தக் குழந்தைய வச்சுக்கவா, வேணாமா?" என்று கேட்டாள்.

எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ கேள்விக்குச் சளைக்காமல் பதில் சொன்னவள். "தெரியலடி" என்றாள்.

"அப்ப தெரியாமலே பெத்துக்கறேன்."

அடுத்த திங்கட்கிழமை ஊசியக்கா சர்க்கரை நோய் வேலைக்காகப் பை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். தையல் கடை வாசலில் நாத்தனார் தையல்காரர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் குரல் ஒரு படி உயர்ந்தது.

"யாரு எப்படிப் போனா என்ன, சம்பளம் நிக்கக் கூடாதுல்ல."

அவன் ரத்தம் இருக்கிற ஃப்ரீசர் நிற்காமல் ஓடத்தான் இந்த வேலைக்குப் போகிறேன் என்று நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் சம்பளமும் வேண்டித்தான் இருந்தது. ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டிப் போனாள்.