கீழ்த்தட்டில் ஒரு மெழுகுவர்த்தி

2016 ஜூலை 3: இருவர், நான்கு இரவு, தங்கல் வரி 5 யூரோ 60.
ஜூலை 21: மூவர், இரண்டு இரவு, 4 யூரோ 20.
ஆகஸ்ட் 19: ஒருவர், ஆறு இரவு, 4 யூரோ 20.

படகு பதினொன்று இருபதுக்குக் கரை தொடும். பதினொன்று பத்துக்கே யாக்லிகா கொமார் "அறை உண்டு" என்று எழுதிய அட்டையை மார்போடு அணைத்தபடி துறைமுகப் படியில் நிற்பாள். இறங்குபவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "மணல் ஒட்டின செருப்பு வாடகைக்குப் பேரம் பேசும். பாலிஷ் போட்ட ஷூ கப்பை நக்கற மாதிரி காப்பி குடிக்கும்" என்பாள். வயது அறுபத்தெட்டு. விருந்தாளியின் பெட்டியை விருந்தாளியே தூக்க விடமாட்டாள்.

கோட்டைச் சந்தில் ஏறும்போதே கதை தொடங்கிவிடும். தன் வீட்டுக் கதவுக்கு மேலுள்ள ஓட்டையைக் காட்டி, "துருக்கிக்காரன் பீரங்கிக் குண்டு" என்பாள். அது 1974 அக்டோபரில் அவள் அண்ணன் அடுப்புப் புகைக்குழாய்க்காக உடைத்தது. சொல்லிப் பார்த்தேன். "பார்பா, புகைக்குழாயைப் பாக்க எவனாவது கடல் தாண்டி வருவானா?" என்றாள். எங்கள் ஊரில் மூத்த ஆண்கள் எல்லோருமே பார்பாதான்.

எங்கள் ஊரான ட்ராவ்னாவுக்கு வரும் வெளியூராரைப் பதிந்து தங்கல் வரி வாங்குவது என் வேலை. வந்த அன்றே பாஸ்போர்ட் என் மேசைக்கு வர வேண்டும் என்பது விதி. யாக்லிகா கிளம்பும் நாளில்தான் கொண்டுவருவாள். "சோறு போடறதுக்கு முன்னாடி உன் பேர் என்னன்னு கேக்கறது போலீஸ்காரன் புத்தி." முப்பத்தொரு ஆண்டு திட்டியாயிற்று.

வீடு அவளுடையது மட்டுமல்ல. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுகள் பதினொருவர், பாதிப் பேர் கடலுக்கு அப்பால். ஒருவர் தன் பங்கை விற்றாலும் போதும், வாங்கியவர் வழக்குப் போட்டு முழு வீட்டையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கரையோரம் ஓட்டல் கட்ட வந்த கம்பெனியின் ஆள் மாதம் ஒருமுறை கதவைத் தட்டினான். மற்றப் பத்துப் பேரில் ஒன்பது பேர் தங்கள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அர்ஜென்டினாவில் பிறந்த பெரியப்பா மகன் மாஷான் மட்டும் பாக்கி. அவள் கண்ணால் கண்டதில்லை. நான்கு வருடமாக அவள் கடிதங்களுக்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 19 வெள்ளிக்கிழமை பாலிஷ் போட்ட ஷூ ஒன்று இறங்கியது. எழுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார். எங்கள் மொழியைத் தயங்கித் தயங்கி, பழைய சொற்களோடு பேசினார். "தாத்தா காலத்துப் பேச்சு, பார்பா! எந்தப் புஸ்தகத்துல படிச்சாரோ!" என்று சிரித்துக்கொண்டே பெட்டியோடு என்னைக் கடந்து போனாள்.

மறுநாள் சனி. அவரைக் கோயிலுக்கு அழைத்து வந்தாள். நான் பின்வரிசையில் நின்றேன். எங்கள் கோயிலில் உயிரோடிருப்பவர்களுக்கு மெழுகுவர்த்தியை மேல்தட்டு மணலில் ஊன்றுவோம், இறந்தவர்களுக்குக் கீழ்த்தட்டில். யாக்லிகா குனிந்து கீழே ஒன்றை ஊன்றினாள்.

"யாருக்கு?" என்று அவர் கேட்டார்.

"பெரியப்பா மகன் ஒருத்தன், மாஷான்னு. போய்ச் சேந்துட்டான்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நாலு வருஷமா கடுதாசி போடறேன். பதில் எழுதாதவன் ஒண்ணு செத்தவன், இல்ல தபால்தலைக்குக் காசு பாக்கற கஞ்சன். எங்க குடும்பத்துல கஞ்சன் கிடையாது, அதனால செத்துட்டான்னு வெச்சுக்கிட்டேன். சும்மா நிக்காதீங்க, அவன் ஆத்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிச் சொன்னார். திரி எரிந்து முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன்.

25ஆம் தேதி காலை பாஸ்போர்ட்டை என் மேசையில் போட்டாள். அவர் பெட்டியோடு வாசலில் நின்றார். வழக்கம்போலப் பெயரை உரக்கப் படித்தேன்: "மாஷான் கொமார்."

"காலங்காத்தால செத்தவன் பேரை எதுக்கு எடுக்கறீங்க?" என்று சிரித்தாள் யாக்லிகா. நான் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

அவர் உள்ளே வந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். "ஆறு நாளும் நல்ல சாப்பாடு, தங்கச்சி" என்றார். படகின் சங்கு ஊதியது. போய்விட்டார்.

அதன்பின் படகு வந்தது, அட்டை வரவில்லை. "என் வாயாலயே வீட்டை வித்துட்டேன், பார்பா. சொந்த வீட்ல அவனைப் படுக்க வெச்சு வாடகை வேற வாங்கினேன்" என்றாள். செப்டம்பரில் ஓட்டல்காரன் இரண்டு முறை வந்தான். கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, பிரிக்காத உறை ஒன்றை என் மேசையில் வைத்தாள். "நீங்களே பிரிங்க. எனக்குக் கை வரல."

ஒரே தாள்தான். அதோடு ஒரு வரி கடிதம்கூட இல்லை. மாஷான் கொமார் தன் பங்கு முழுவதையும் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உறையில் தாள் மடிக்காமல் அடங்கும்; ஆனால் தாளில் கோட்டுப்பை அளவுக்கு நான்காக மடித்த தடம், ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. புவெனஸ் அயர்ஸ் தூதரக முத்திரையின் தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டே சொன்னேன்: ஆகஸ்ட் 2.

"வந்தப்பவே கையில இருந்துச்சா?"

ஆமென்று தலையசைத்தேன். அவள் விரல்விட்டு எண்ணினாள்: பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று... ஆறு இரவு. எண்ணிய விரல்களாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த உறை வந்தது 2016 நவம்பர் 14.